பகலில் தூங்குகிறவருக்கு ஒரு சீலிங்

ஜிப்சம் சீலிங்கில் ஓட்டை விழுந்தால் விழுந்ததுதான். அதனால் சீலிங்குக்குள் பதிக்கும் டவுன்லைட் வரும் இடங்களை முதலில் தரையில் சாக்பீஸால் வட்டம் போட்டுக்கொண்டு, லேசரால் மேலே ஏற்றிப் பார்ப்பேன். லைட்டிங் பிளான் போடும் வேலைக்கு வந்த புதிதில், கும்மிடிப்பூண்டியில் ஒரு புது வீட்டின் படுக்கையறையில் அப்படி ஆறு வட்டம் போட்டு முடித்திருந்தேன். காலை வெயிலில் ஜிப்சம் தூசி மெல்ல மிதந்துகொண்டிருந்தது.

வீட்டுக்கார ஸ்டெல்லா அக்காவுக்கு செல்போன் பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை. "ஆறும் போட்டுடு மா. மண்டபம் மாரி ஜொலிக்கணும்" என்றார்.

அவர் கணவர் தேவா அண்ணன் ரோலிங் மில்லில் நைட் ஷிஃப்ட் முடித்து அப்போதுதான் வந்தார். "ரெண்டே நிமிசம்" என்று, கட்டில் வரப்போகும் இடத்தில் பையைத் தலைக்கு வைத்துப் படுத்தார். உடனே தூங்கிப்போனார். என் நடு வட்டங்களில் ஒன்று அவர் கன்னத்துக்கு அடியில் போய்விட்டது.

"அண்ணா, கொஞ்சம் தள்ளி..."

"எழுப்பாத மா!" அக்கா என் கையைப் பிடித்தார். "வாடகை ஊட்ல நான் ஷிஃப்டுக்குக் கெளம்ப லைட்டு போட்டா போதும், எழுந்து குந்திக்குறாரு. அப்பால தூக்கமே கெடையாது. போன வாரம் மில்லுல நின்னுகினே தூங்கிட்டாராம். பழுக்கக் காஞ்ச கம்பி ஓடுற எடம் மா அது. ஒரே பேஜாரா கீது."

"அப்புறம் எதுக்குக்கா ஆறு லைட்டு?"

"எதிரூட்ல எட்டு போட்டுக்கீறாங்களே!" சொல்லிவிட்டு அவரே வாயைப் பொத்திச் சிரித்தார்.

சிமெண்ட் சாக்குகளால் ஜன்னலை மறைத்தோம். அறை குளத்தின் அடிபோல் பச்சையாக இருண்டது. சாம்பிள் லைட்டை வயரில் இழுத்து ஏணியில் ஏறி, ஒவ்வொரு வட்டத்துக்கும் மேலே பிடித்தேன். அக்கா ஸ்விட்ச் போட்டு, அண்ணன் இமைகளைப் பார்த்தார். சுருங்கினால் கையசைப்பார், நகர்வேன். நான்கு வட்டங்கள் அப்படியே அடிபட்டுப் போயின. பீரோ வரப்போகும் ஓரத்து இரண்டிலும், கதவைப் பார்த்துச் சாய்த்துப் பிடித்தபோது அண்ணனிடமிருந்து குறட்டை வந்தது. அந்த இரண்டை மட்டும் சீலிங்கில் குறித்தேன்.

எனக்கும் ஆசை வந்தது. இறங்கி ஒரு மூலையில் மல்லாந்து படுத்தேன். அதுவரை நான் போட்ட சில பிளான்களும் மேலிருந்து பார்த்து வரைந்தவை. கீழே கிடக்கும் கண்ணுக்கு சீலிங் எப்படித் தெரியும் என்று அன்றுதான் பார்த்தேன். வெற்றாகக் கிடந்த அந்த வெள்ளை, பார்க்கப் பார்க்க விலகிப்போனது. என் கண்ணும் செருகியது.

ஹாலில் வேலையிலிருந்த சீலிங்காரர் டிரில்லைப் போட்டார். வீடே அதிர்ந்தது. நான் துள்ளி எழுந்தேன். தேவா அண்ணன் புரண்டுகூடப் படுக்கவில்லை.

"சத்தம்லாம் அவருக்குத் தாலாட்டு" என்றார் அக்கா.

இப்போதெல்லாம் எந்த வீட்டிலும், எத்தனை லைட் என்று கேட்கும் முன், யார் எப்போது தூங்குவார்கள் என்று கேட்கிறேன்.

அன்று சீலிங்காரர் ஓட்டை போட, செல்போன் டார்ச்சை அடித்துக்கொண்டே உள்ளே வந்து அண்ணாந்து பார்த்தார். "இன்னா மா, ரெண்டே மார்க்கு கீது? நடுவுல ஒண்ணும் வரலியா?"

"நடுவுல எங்க ஊட்டுக்காரரு வர்றாரு" என்றார் அக்கா. "மொதல்ல அந்த டார்ச்ச அணை."