டிரைவரம்மாவின் புதுப் பேண்ட்

ஆஸ்பத்திரி ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவளை எல்லோரும் டிரைவரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டுக்காரரும் வேடிக்கையாக அப்படித்தான் கூப்பிடுவார். பள்ளி வேன் ஓட்டிக்கொண்டிருந்தவள், ஆம்புலன்ஸுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் யாரையும் யோசனை கேட்காமல் போய் நின்றாள். வண்டிக்குள் நோயாளியின் உறவுக்காரர்கள் கதறினாலும் அவள் குரல் மட்டும் உயராது.

புதுச் சீருடைக்குத் துணிதான் கொடுத்தார்கள். தைத்துக்கொள்வது அவரவர் பாடு. எதிர்த்தெருத் தையல் கடைக்காரர் போனில் பேசிக்கொண்டே, அவளை நிற்கவைத்து இரண்டு இழுப்பில் அளவெடுத்து முடித்தார். உட்கார்ந்து ஓட்டுகிற, குனிந்து தூக்குகிற வேலை, கொஞ்சம் தாராளமாக இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தாள்.

அதன்பிறகு நடையாய் நடந்தாள். பட்டன் வைக்கவில்லை என்றார், மிஷின் ரிப்பேர் என்றார். ஒரு தடவை அவள் முகமே மறந்துபோய், என்ன துணி என்று கேட்டார். வீட்டுக்காரர் தானே போய் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வருவதாகக் கிளம்பினார். நீங்கள் கேட்டால் சண்டையில் உங்கள் சட்டைதான் கிழியும் என்று அவரை உட்காரவைத்தாள்.

ஒருவழியாகப் பேண்ட் கைக்கு வந்தது. திரைக்குப் பின்னால் போட்டுப் பார்த்தாள். நிற்கும்போதே இறுக்கிப் பிடித்தது. கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கொடுத்தபோது இருந்ததைவிடப் பெருத்துவிட்டீர்கள், அதற்கு நான் என்ன செய்ய என்றார். காத்திருந்தவர்களில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். சர்ரென்று தையல் விட்டது. நல்லவேளை, மேல்சட்டை நீளம்.

"ஸ்ட்ரெச்சரைப் பிடிக்க ரெண்டு கை வேணும். பேண்டைப் பிடிக்க மூணாவது கைக்கு நான் எங்கண்ணே போவேன்?" என்றாள்.

இப்போது கடை முழுக்கச் சிரித்தது. கடைக்காரருக்கு முகம் சிவந்துவிட்டது. கோபத்தை அவளிடம் காட்ட முடியாமல் உள்ளே திரும்பி, மிஷினில் இருந்த பெண்ணைப் பிடித்துக்கொண்டார். கண்ணை எங்கே வைத்துக்கொண்டு தைத்தாய், உன்னால்தான் கடைப் பெயர் கெடுகிறது, நாளையிலிருந்து வராதே என்று அத்தனை பேர் முன்னாலும் வாங்கு வாங்கென்று வாங்கினார். அந்தப் பெண் தலையைத் தூக்கவில்லை.

டிரைவரம்மா எழுந்தாள். தன் விஷயம் அவளுக்கு அப்போதே மறந்துவிட்டது.

"அவங்களைத் திட்டாதீங்க. அளவெடுத்தது நீங்க. நீங்க கொடுத்த அளவுக்கு அவங்க ஒழுங்காத்தான் தைச்சிருக்காங்க. தப்பு உங்க பக்கம், அதை உங்களோடயே வச்சுக்கங்க."

சத்தமில்லாமல்தான் சொன்னாள். கடைக்காரர், திருத்துவதற்குத் துணி மிச்சமில்லை, வேண்டுமானால் அப்படியே எடுத்துக்கொண்டு போகலாம் என்றார்.

உள்ளே இருந்த பெண் மிஷினுக்கு அடியிலிருந்து அதே நீலத்தில் ஒரு துண்டை எடுத்து மேசைமேல் வைத்தாள். "இருக்குதுங்க. உள்பக்கம் துண்டு வச்சுத் தரேன். அக்கா, ஒரு தடவை உக்காந்து காட்டுங்க," என்றாள்.

உட்காரச் சொல்லி, குனியச் சொல்லி, முழங்காலில் டேப்பை வைத்து அவளே அளந்தாள். கடைக்காரர் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். மன்னிப்பு என்ற வார்த்தை கடைசிவரை அவர் வாயில் வரவில்லை. டிரைவரம்மாவும் எதிர்பார்க்கவில்லை.

ஆனால் கடையைக் குறை சொல்லிக்கொண்டும் திரியவில்லை. மற்ற டிரைவர்களிடம், துணியை அங்கேயே கொடுங்கள், ஆனால் உள்ளே இருக்கிற பெண் அளவெடுத்தால்தான் கொடுப்பேன் என்று சொல்லுங்கள் என்றாள். அவர்கள் ஒவ்வொருவராகப் போய் அதையே சொன்னார்கள். வரும் வேலையை வேண்டாம் என்று சொல்லக் கடைக்காரருக்கு மனசு வருமா? டேப்பை அந்தப் பெண்ணிடம் கொடுத்துவிட்டார். வராதே என்று சொன்ன பேச்சை அவர் மறுபடி எடுக்கவேயில்லை.