குரோம் தொட்டியும் மைத்துனன் மூக்கும்

பட்டறையில் அவரை எல்லோரும் ஓட்டையார் என்றுதான் கூப்பிடுவார்கள். குரோம் முலாம் பூசும் தொட்டியின் புகையை வருஷக்கணக்காக முகர்ந்ததில், இரண்டு மூக்குத் துவாரத்துக்கும் நடுவே இருந்த சுவர் அரித்து ஓட்டை விழுந்துவிட்டது. மனிதர் அதற்காக ஒப்பாரி வைக்கவில்லை. ஒரு பக்கம் நூலை விட்டு மறுபக்கம் இழுத்துக் காட்டி, வீட்டுக்கு வருகிறவர்களிடம் கைதட்டல் வாங்கினார்.

அந்த வீறாப்பெல்லாம் மைத்துனன் மூக்கில் ரத்தம் வரும்வரைதான். அவனுக்கும் அதே தொட்டியில்தான் வேலை. "என் தம்பி மூக்கும் போச்சுன்னா நீங்க வீட்டுப் பக்கமே வராதீங்க" என்று மனைவி சொல்லிவிட்டாள். அவள் சொல்லாவிட்டாலும் ஓட்டையாருக்குப் பயம் பிடித்துத்தான் இருந்தது.

முதலாளியை நச்சரித்து, விஷம் குறைந்த புதுக் கரைசலை ஒரு தொட்டியில் கலக்க வைத்தார். அதுவும் குரோம்தான், மூக்கை அரிக்காத வகை. "கதவுக் கைப்பிடி ஒரு லோடு போட்டுக் காட்டு. சரியா வரலைன்னா பழைய தொட்டிதான்" என்றார் முதலாளி.

முதலில் பளபளவென்று வந்தது. போகப்போகக் கறுத்து, தீயில் காட்டிய கரண்டி மாதிரி ஆயிற்று. முதலாளி வாயில் வந்ததையெல்லாம் சொன்னார். மைத்துனன் கைப்பிடிகளைத் தூக்கிக்கொண்டு பழைய தொட்டிக்கே கிளம்பினான்.

"நில்லுடா மாப்ள. தொட்டிக்குள்ள எதையாவது போட்டியா?"

"போடல மாமா, கைப்பிடி ரெண்டு மூணு கொக்கிலேருந்து அதுவா விழுந்துச்சு. பழைய தொட்டில விழுந்தா எடுக்க மாட்டோமே, அதான் விட்டுட்டேன்."

ஓட்டையார் தலையில் அடித்துக்கொண்டார். அடித்த பிறகுதான், அந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொடுத்த மகான் யார் என்று உறைத்தது. பழைய தொட்டிக்கு எருமைத் தோல். உள்ளே இரும்பு கரைந்தாலும் பொறுத்துக்கொள்ளும். புதிது தொட்டாற்சிணுங்கி, துளி இரும்பு கரைந்தாலும் முலாம் கறுத்துவிடும். காந்தத்தைக் கயிற்றில் கட்டி அடியில் துழாவினால், திருகாணி, கம்பி, கைப்பிடி என்று ஒரு காயலான் கடையே மேலே வந்தது. கெட்ட கரைசலைச் சுத்திகரிப்புக்கு அனுப்பிவிட்டு, முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, புதிதாகக் கலந்தார்.

இந்தத் தடவை கடைசிவரை பளிச்சென்று வந்தது. பழையதன் நீலப் பளபளப்பு மட்டும் இல்லை. முதலாளி ஒரு கைப்பிடியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நிறம் ஒரு மாத்து கம்மியா இருக்கேய்யா. வாங்குறவன் கேட்டா என்ன சொல்றது?"

"இந்தப் பய மூக்கு முழுசா இருக்குன்னு சொல்லுங்க."

சொல்லிக்கொண்டே ஓட்டையார் மைத்துனனை முன்னால் இழுத்து நிறுத்தினார். முதலாளி அவரைப் பார்த்தார். மூக்கில் பஞ்சு அடைத்துக்கொண்டு நின்ற மைத்துனனையும் பார்த்தார்.

"சரி, வண்டியில ஏத்து. அந்தப் பழைய சனியனை நாளைக்கே மூடிடு" என்றார்.