மணியின் வாயைச் சுற்றி ஒட்டிய பெயர்கள்

பினாங் பக்கத்து ஜுருவில் லாரி பிரேக் டிரம் வார்க்கும் தொழிற்சாலை ஒன்றில் முப்பத்தோரு வருஷம் நவமணிக்கு ஒரே வேலைதான். கொக்கியில் தொங்கும் டிரம்மைச் சின்னச் சுத்தியலால் தட்டுவாள், காது கொடுப்பாள். கணீரென்றால் நல்ல டிரம், டொக்கென்றால் உள்ளே விரிசல். கண்ணுக்குத் தப்பும் விரிசலும் அவள் காதுக்குத் தப்பாது என்று பேர். அந்தப் பேரை ஊரெல்லாம் பரப்பியதும் அவளேதான்.

அவள் எவ்வளவு தட்டியும் சத்தம் வராதவர் ஒருவர் உண்டு. துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய கணவர் பக்கிரிசாமி. சுங்கை பினாங் அடுக்குமாடியில் யாரைப் பார்த்தாலும், “எங்க வீட்டுல இருக்கறது மரக்கட்டை லா” என்பாள். டாக்டர் அவரைப் பார்த்து எங்கே வலிக்கிறது என்று கேட்டால்கூட, பதில் நவமணியிடமிருந்து வரும்.

போன வருஷம் அவர் போய்விட்டார். வீட்டில் அதே அமைதிதான், ஆனால் இப்போது அவளால் அதைத் தாங்க முடியவில்லை. வருஷத் திதி கழிந்ததும் பக்கத்து மாரியம்மன் கோயிலுக்கு ஒரு வெண்கல மணி வாங்கிக் கொடுப்பது என்று முடிவெடுத்தாள். வாய் திறக்காமலே வாழ்ந்த மனிதர் பேரில் ஒன்றாவது வாய்விட்டுப் பேசட்டும் என்று ஆசை.

லிட்டில் இந்தியாவில் வேலுவின் பூசைச் சாமான் கடைக்குச் சுத்தியலும் கையுமாகப் போனாள். பதினொரு மணிகளைக் கயிற்றில் தொங்கவிட்டுத் தட்டிப் பார்த்தாள். நடுவில் வேலு ஒன்றைக் கையால் அணைத்துப் பிடித்துத் தட்டப்போக, அவனைப் பிடித்துவைத்துப் பாடமே எடுத்தாள். உலோகம் அடி வாங்கினால் இம்மி வளைந்து, உடனே பழைய நிலைக்குத் துள்ளித் திரும்பும். அப்படியே நெடுநேரம் அதிர்ந்துகொண்டிருக்கும், அதுதான் ஓசை. மரமும் ரப்பரும் வாங்கிய அடியை உள்ளுக்குள்ளேயே உரசித் தீர்த்துக்கொள்ளும். பத்து நிமிஷம் இதை விளக்கிவிட்டு முடிவாகச் சொன்னாள்:

“கையில பிடிச்சுக்கிட்டு தட்டாதே தம்பி. உன் கை சத்தத்த முழுங்கிடும்.”

மணி வந்தது. பேர் போட வேண்டுமே. டியூப்லைட்டில்கூட உபயம் எழுதி வெளிச்சத்தைப் பாதியாக்கும் கோயில் அது. அமரர் பக்கிரிசாமி நினைவாக என்று தொடங்கி, மனைவி, மகள் காமினி, மருமகன், பேரன் ஷர்வின் என்று நீண்ட பட்டியல் ஒரு தகட்டில் அடங்கவில்லை. ஆகவே தடித்த ரப்பர் பட்டையில் மஞ்சள் எழுத்து வைத்து, மணியின் வாய் விளிம்பைச் சுற்றி இறுக ஒட்டினாள். எந்தப் பக்கம் நின்று கும்பிட்டாலும் குடும்பத்தில் ஒருவராவது கண்ணில் படுவார்.

வெள்ளிக்கிழமை பூசையில் சொந்தபந்தமெல்லாம் பார்க்க அவளே கயிற்றை இழுத்தாள்.

டொக்.

இன்னொரு தடவை இழுத்தாள். அதே டொக். அவமானத்தில் அவளுக்கு முகம் எரிந்தது. மணியில் விரிசல், முப்பத்தோரு வருஷக் காது பொய் சொல்லாது என்று அங்கேயே தீர்ப்பளித்தாள். வேலுவுக்குப் போன் போட்டு, ஏமாற்றுக்காரன் என்பது வரை பேசிவிட்டாள்.

அரைமணி நேரத்தில் வேலு மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தான். மணியைப் பார்த்தான், பட்டையைத் தடவினான், தலையைச் சொறிந்தான்.

“அக்கா, பிடிச்சுக்கிட்டு தட்டக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?”

நவமணி தேங்காய் கீறும் கத்தியை வாங்கித் தானே பட்டையை உரித்தாள். ஷர்வின் வந்தான், மருமகன் வந்தார், காமினி வந்தாள். கடைசியில் அவள் பேரும் அவர் பேரும் ஒன்றாகவே பிய்ந்து வந்தன. பிறகு கயிற்றை இழுத்தாள்.

ஓசை அடுக்குமாடிகளைத் தாண்டிப் போயிற்று. அடங்கும்வரை அவள் அசையவில்லை, கண்ணில் நீர் வழிந்தது. பக்தி என்று எல்லோரும் கும்பிட்டார்கள். அவள் நினைப்போ கிளினிக்கில் இருந்தது. எங்கே வலிக்கிறது என்று டாக்டர் கேட்டபோது அவர் வாயைத் திறந்தார். திறக்கத்தான் செய்தார். அதற்குள் இவள் சொல்லி முடித்திருந்தாள்.

“மரக்கட்டை இல்ல லா உங்கப்பா,” என்றாள் மகளிடம். “நாந்தான் பிடிச்சுக்கிட்டே இருந்தேன்.”

காமினிக்கு ஒன்றும் புரியவில்லை. பட்டையை எங்கே ஒட்டுவது என்று கேட்டாள்.

“நீ சொல்லு,” என்றாள் நவமணி. மகள் வாயிலிருந்து பதில் வரும்வரை, பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.