முட்டை அசையாத கியர்பாக்ஸ்

லோவல் ஸ்டக்கி பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன். வாரம் முழுக்க வீட்டுக்கு வீடு நின்று, கண்ணாடியில் முன்னும் பின்னும் பார்த்து, கதவைத் திறந்து மூடி, ஊர்ந்து ஊர்ந்து போகிற பிழைப்பு. அதற்கெல்லாம் சேர்த்துவைத்து அவன் பழிதீர்த்துக்கொள்வது சனிக்கிழமைகளில், கோகமோ ஊருக்குத் தெற்கே சோளக்காட்டின் நடுவிலிருக்கும் பந்தயப் பாதையில். அவனிடம் இருந்தது பந்தயக் காரும் அல்ல. மாமனார் மெர்ல் விட்டுப்போன பழைய ஸ்டேஷன் வேகன், குடும்பத்தோடு போகிற கார். படகு நீளம், பக்கவாட்டில் மரப்பலகை மாதிரி ஸ்டிக்கர். மெர்ல் உயிரோடிருந்தபோதே அதற்குள் ஒரு வீட்டையே இழுக்கத்தக்க என்ஜினைத் திணித்திருந்தார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அந்தப் பக்கத்தில் அப்படியெல்லாம் கேட்கமாட்டார்கள்.

வண்டி இன்னும் மாமியார் ஆர்டித்தின் பேரில்தான் இருந்தது. சனிக்கிழமை பந்தயம், ஞாயிற்றுக்கிழமை ஆர்டித்தைத் தேவாலயச் சபைக்குக் கூட்டிப்போவது என்று ஏற்பாடு. மே மாதம் ஒரு சனிக்கிழமை, பச்சை விளக்கு எரிந்த மாத்திரத்தில் கியர்பாக்ஸ் கருகிப் புகை கக்கியது. மறுநாள் ஆர்டித் பக்கத்து வீட்டுக்காரியின் காரில், நாலு நாய்க்குட்டிகளோடு சபைக்குப் போனாள்.

இதற்காகவே காத்திருந்தான் மூத்த மருமகன் டுவெய்ன். நீச்சல்குளம் விற்கிற கடைக்காரன்.

"அம்மா, இவன் கையில இருந்தா வண்டி உருப்படாது. என்கிட்ட குடுத்துடுங்க. மாமா ஞாபகமா பத்திரமா வச்சுக்கறேன்."

பத்திரமாக என்றால், கூரையை அறுத்தெறிந்து, நடுவில் ராட்சச ரப்பர் வாத்தை உட்காரவைத்து, ஜூலை நாலாம் தேதி சுதந்திர தின ஊர்வலத்தில் கடை விளம்பரத்துக்கு இழுத்துப்போவது என்று அர்த்தம். லோவலுக்கு இது தெரியும். சொன்னால் அக்கா தங்கைக்குள் பேச்சே நின்றுவிடும் என்று மனைவி டீனா அவன் வாயை அடைத்து வைத்திருந்தாள்.

ஆர்டித் தீர்ப்பு சொன்னாள். "லோவல், கெடுத்தவன் நீ, நீயே சரிபண்ணு. மெர்ல் கூட்டிட்டுப் போன மாதிரி என்னைச் சபைக்குக் கூட்டிட்டுப் போ. அப்படிப் போனா வண்டி உனக்கு. இல்லன்னா டுவெய்னுக்கு."

மெர்ல் ஓட்டி லோவல் ஒருநாளும் அந்த வண்டியில் ஏறியதில்லை. அவன் நினைவில் இருந்ததெல்லாம், சபையில் காணிக்கைத் தட்டை ஒரு காசு குலுங்காமல் ஏந்திவரும் மெர்ல்தான். ஆகவே மெர்ல் மாதிரி என்றால் குலுங்காமல் என்று முடிவுகட்டினான். ஆர்டித் வாராவாரம் சபை விருந்துக்கு ஒரு தட்டு அடைத்த முட்டை கொண்டுபோவாள். வேகவைத்துப் பிளந்து, மஞ்சள்கருவோடு கடுகு விழுது பிசைந்து நிரப்பியது. அந்த முட்டை அசையக்கூடாது. அதுதான் பரீட்சை என்று தனக்குத்தானே வைத்துக்கொண்டான்.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்குள் கிளட்ச் என்பது தட்டுகளின் அடுக்கு. வெறும் இரும்புத் தட்டு ஒன்று, உராய்வுப் பட்டை ஒட்டிய தட்டு ஒன்று என்று மாறிமாறி வரும். கியர் மாறும்போது எண்ணெய் அமுக்க, ஒன்றையொன்று கவ்வும்; வெடுக்கென்று கவ்வினால் வண்டி குலுங்கும். அந்தப் பட்டை எதனால் ஆனது என்பதில்தான் ஊரே இரண்டுபடும். வீட்டுக்கு ஒருவராவது கியர்பாக்ஸ் தொழிற்சாலையில் வேலைபார்த்த வட்டாரம் அது. முடிவெட்டப் போனால்கூடக் கத்தரிக்கோலை நிறுத்திவிட்டு அபிப்பிராயம் சொல்வார்கள்.

உதிரிபாகக் கடை ஆர்லோ சிவப்புப் பட்டைக் கட்சி. "சிவப்பு போடுப்பா. பல்லைக் கடிச்சிட்டுக் கவ்வும். மெர்லோட என்ஜினுக்கு அதான் சரி."

சிவப்பைப் போட்டான். பின்சீட்டில் டீனாவின் முட்டைத் தட்டை வைத்துத் தெருமுனைவரை ஓட்டினான். இரண்டாம் கியர் விழுந்தபோது தட்டு இருந்த இடத்தில் இருந்தது. முட்டைகள் பின்கண்ணாடியில் இருந்தன.

கியர்பாக்ஸை இறக்கி ஏற்றுவது ஒரு நாள் முழுக்க முதுகு ஒடிகிற வேலை. இறக்கினான். குண்டு துளைக்காத சட்டைக்குப் போடுகிற கெவ்லார் இழையில் செய்த தட்டுகளை ஏற்றினான். முட்டை ஒன்றுகூட அசையவில்லை. கடைக்கு ஓடிப்போய்ச் சொன்னான்.

ஆர்லோ சிரித்தான். "அது இன்னும் தேஞ்சு பழகலடா. புது மாப்பிள்ளை முதல் வாரம் பாத்திரம் கழுவற மாதிரி. நிஜ சுபாவம் போகப்போகத்தான் தெரியும்."

அதற்குமேல் லோவலுக்குத் தூக்கம் ஏது? மறுபடி இறக்கினான். மிஞ்சியது பழுப்புப் பட்டை. காகித நாரில் செய்தது, சாதுவாகக் கவ்வும். ஆனால் பந்தயத்தில் சூடு தாங்காமல் கருகலாம். பாரத்தைப் பங்குபோட்டுக்கொள்ளட்டும் என்று அடுக்கில் இடம் பண்ணி ஒரு தட்டு கூடுதலாகச் செருகினான். முதலில் வண்டி கையில் இருக்கட்டும், பந்தயத்தை அப்புறம் பார்க்கலாம்.

"இன்னொரு முட்டை வேகவைக்கச் சொன்னீங்க, நான் டுவெய்ன் கட்சில சேர்ந்துடுவேன்," என்றாள் டீனா. ஆனாலும் வேகவைத்தாள். பழுப்பு தேறியது.

ஞாயிறு வந்தது. ஆர்டித் தட்டோடு முன்சீட்டில் ஏறினாள். சாட்சிக்கு என்று டுவெய்ன் பின்சீட்டில், வெள்ளைச் சட்டையும் புது டையுமாக. லோவல் பேருந்தில் ஐம்பது பிள்ளைகளை ஏற்றியதுபோல ஓட்டினான். கியர்கள் பூனை நடையாக மாறின. ஓரக்கண்ணால் முட்டையைப் பார்த்தவன் திகைத்தான். ஆர்டித் தட்டை மடியில் வைக்கவேயில்லை. இரண்டு கையாலும் அந்தரத்தில் பிடித்துக்கொண்டு, முழங்கையை ஸ்பிரிங் மாதிரி மடக்கி வைத்திருந்தாள்.

"மடியில வைங்கம்மா, ஆடாது."

"மடியிலயா? மெர்ல் ஓட்டறப்போ மடியில வச்சிருந்தா ஒரு முட்டை சபைக்கு வந்து சேர்ந்திருக்குமா? அந்த மனுஷன் ஓட்டினா என் தொப்பி பின்சீட்டுக்குப் போயிடும்." அவள் முகம் சுருங்கியது. "வண்டிக்கு என்னடா ஆச்சு? உதைக்கவே மாட்டேங்குது. மெர்ல் வண்டி மாதிரியே இல்லையே."

டுவெய்ன் முன்னால் சாய்ந்தான். "அப்போ பேச்சு பேச்சுதானேம்மா? வண்டி எனக்கு."

"பேச்சு பேச்சுதான். ஆனா இந்த மாதிரி சொங்கி வண்டியை வச்சு நீ என்னடா பண்ணப்போற? நல்ல கிளட்ச் போடுவியா?"

"கிளட்ச் எதுக்கு? கூரையை அறுத்துட்டு வாத்து வைக்கப்போறவனுக்குக் கிளட்ச் எப்படி இருந்தா என்ன?"

சொன்ன பிறகுதான் அவன் வாய் மூடியது. சிவப்பு விளக்கில் வண்டி நின்றது. ஆர்டித் முன்கண்ணாடியைப் பார்த்தபடி கேட்டாள்.

"வாத்தா?"

"சின்ன வாத்துதாம்மா."

ஆர்டித் திரும்பி, முட்டைத் தட்டை அவன் மடியில் வைத்தாள். "இதைப் பிடி. லோவல், பச்சை விழுந்ததும் முழுசா மிதி."

"அம்மா, அழுத்தி மிதிச்சா எண்ணெய் அழுத்தம் ஏறும், அப்புறம் பழுப்புகூட…"

"மிதிடான்னா!"

மிதித்தான்.

சபை வாசலில் வண்டி நின்றது. டுவெய்னின் டையில் முட்டை இரண்டு, காதுக்கு மேலே ஒன்று, மற்றவை விலாசம் தெரியவில்லை. ஆர்டித் தொப்பியை நேராக்கிக்கொண்டு, பையிலிருந்து வண்டியின் உரிமைப் பத்திரத்தை எடுத்து லோவலின் சட்டைப்பையில் செருகினாள்.

"கொஞ்சம் தேவலாம். ஆனா அடுத்த வாரத்துக்குள்ள சிவப்பு போட்டு வை, என்ன?"

"மறுபடி இறக்கணும்மா."

"இறக்கு," என்று சொல்லிவிட்டு, டுவெய்ன் மடியிலிருந்த காலித் தட்டை வாங்கி ஆட்டியபடி உள்ளே போனாள்.