நாலு மணிக்கு எடுத்த அளவு

புதுக் கால் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போன நான்காம் நாள், காலுறையில் ரத்தம் ஊறியிருந்ததைத் தங்கைதான் முதலில் பார்த்தாள்.

பேருந்தில் ஏறும்போது விழுந்தேன். சக்கரம் ஏறியதில் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். புண் ஆறிய பிறகு செயற்கைக் கால் கிடைத்தது. எனக்கு ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் வேலை. கடை மூடும் வரை நின்றே ஆகவேண்டும்.

செயற்கைக் காலில் முக்கியமானது பாதம் அல்ல, சாக்கெட் (எஞ்சிய கால் உள்ளே உட்காரும் கிண்ணம்). என் சாக்கெட் காலையில் கச்சிதமாக இருக்கும். மதியத்துக்கு மேல் தளர்ந்து, எலும்பு நுனி அடியில் போய் இடிக்கும்.

செய்து கொடுத்தவரிடம் போனேன்.

“பழகிடும்மா. வீட்டுல நடமாட இது போதுமே.”

“நான் கடையில நிக்கிறேன் சார்.”

“அப்போ உக்கார்ற வேலையாப் பாருங்க.”

காலைக் கழற்றி அவர் மேசைமேல் வைத்தேன். “உள்ள கைய விட்டுப் பாருங்க. எவ்ளோ ஈரம்னு தெரியும்.” அவர் கையை உள்ளே விடவில்லை.

ஆஸ்பத்திரியில் எனக்கு உடற்பயிற்சி சொல்லித்தந்த சிஸ்டர்தான் காலாப்பட்டுப் பக்கம் ஒரு கல்லூரிக்கு அனுப்பினார். அங்கே ஒரு பொறியியல் ஆசிரியர், பிளாஸ்டிக்கை உருக்கி இழைமேல் இழையாக அடுக்கிப் பொருள் செய்யும் எந்திரத்தில் சாக்கெட் செய்து பார்த்துக்கொண்டிருந்தார். என் காலை மாவுக்கட்டில் அச்செடுத்து, கணினியில் ஏற்றி, ஒன்று செய்து தந்தார். எடையே தெரியவில்லை. ஆனால் மதியத்துக்கு மேல் அதே இடி. ஒன்பதாம் நாள், கல்யாணப் புடவை எடுக்க வந்தவர்கள் முன்னால் அது விரிசல் விட்டது. மேசையைப் பிடித்துக்கொண்டதால் விழவில்லை.

“கணக்கெல்லாம் சரியாத்தாம்மா இருக்கு” என்றார் ஆசிரியர், திரையைப் பார்த்தபடி.

“எத்தன மணிக்கு சார் அளவெடுத்தீங்க?”

“காலைல, பத்து மணிக்கு.”

“எனக்கு நாலு மணிக்குத்தான் வலிக்குது.”

விரிசல் விட்ட சாக்கெட்டைப் பட்டையால் இறுக்கிக் கட்டி, கைத்தடியோடு அன்று முழுக்க அந்தக் கல்லூரி வராந்தாவில் நின்றேன், நடந்தேன். நாலு மணிக்கு வந்து உட்கார்ந்து, “இப்ப எடுங்க” என்றேன். ஆசிரியர் அளவு நாடாவை இரண்டு முறை சுற்றிப் பார்த்தார். கால் மெலிந்திருந்தது. நாள் முழுதும் சாக்கெட் அழுத்துவதால் காலிலிருக்கும் நீர் வடிந்துவிடுமாம்.

அடுத்த சாக்கெட் இரண்டு அளவுக்கும் சேர்த்துச் செய்தது. விரிசல் விட்ட இடத்தில் தடிமன், எலும்பு படும் இடத்தில் வளைந்து கொடுக்கும் மெல்லிய சுவர். மதியம் நானே இன்னொரு காலுறையை மேலே மாட்டிக்கொள்ள வேண்டும். வலி முழுதாகப் போகவில்லை. ரத்தம் நின்றது. வேலையை விடவில்லை.

உங்களையும் யாராவது பழகிக்கொள்ளச் சொல்வார்கள். பழகாதீர்கள். எந்த இடம், எந்த நேரம் என்று எழுதிக்கொண்டு திரும்பப் போங்கள்.

முன்பு உடம்பு என்றால் காலையில் எழுப்பி, ராத்திரி கிடத்துகிற ஒன்று. அது மணிக்கு மணி மாறுவதை நான் கவனித்ததே இல்லை. இப்போது கடிகாரம் பார்க்காமலே மணி சொல்வேன். காலையில் ஒரு கால், மாலையில் ஒரு கால். இரண்டும் என்னுடையவை. இரண்டாலும் நிற்கிறேன்.