பெண் மீனைத் திரும்ப விட்ட நாள்

மச்சாளின் வீட்டு யன்னலோரம் ஒன்பது ஜாம் போத்தல்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றிலும் ஓர் ஆண் ஃபைட்டர் மீன். போத்தல்களுக்கு நடுவே அட்டைத் துண்டுகள் செருகியிருக்கும். அட்டையை எடுத்தால் ஒன்றையொன்று கண்டு, செட்டை விரித்துக் கண்ணாடியில் மோதும். "பொறாமை பிடிச்சதுகள்" என்று மச்சாள் சிரிப்பார். எனக்கு அந்தச் சிரிப்புப் பிடிக்காது.

மச்சாள் என் கணவரின் அக்கா, பிள்ளைகள் இல்லாதவர். வாகரையில் எங்கள் வீட்டைக் கடல் கொண்டுபோன பின், தன்னாமுனையில் அவரிடம்தான் ஒதுங்கினோம். மகளுக்கு அப்போது ஏழு வயது. அலை வந்தபோது அவள் என் கையிலிருந்து நழுவிப்போனாள். கண்டல் மர வேரில் சிக்கிக் கிடந்தவளை யாரோ தூக்கிவந்து தந்தார்கள். அதன்பின் அவள் பேசவில்லை. என் முகத்தைப் பார்க்கவுமில்லை.

மூன்றாம் மாதம் பேசினாள், மச்சாளிடம். "மாமி, முட்டை விழுது." குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த எனக்கு, பேசிவிட்டாளே என்ற மகிழ்ச்சிக்கு முன், ஏன் அவரிடம் என்ற எரிச்சல்தான் வந்தது.

அகன்ற பிளாஸ்டிக் பேசின் ஒன்றில் கொஞ்சம் கிணற்றுத் தண்ணீர், அதில் ஒரு காய்ந்த வாதுமை இலை. இலைக்கடியில் ஆண் மீன் நுரையால் கூடு கட்டும். பெண் முட்டையிட்டதும் அதைப் பிடித்து வேறு போத்தலில் விட்டுவிடுவார் மச்சாள். பிறகு தகப்பன்தான் காவல். நழுவி விழும் முட்டையை வாயால் கவ்வி மறுபடி நுரைக்குள் வைக்கும். மகள் மணிக்கணக்காக அதையே பார்த்திருப்பாள். என்னால் அதைத் தாங்க முடியவில்லை.

"தாயை ஏன் பிரிக்கிறீங்க மச்சாள்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"விட்டா முட்டையைத் தின்னும்கா. இல்லாட்டி ஆண் அதைக் கிழிச்சுப்போடும். தாய்க்கு இனி அங்க வேலையில்ல."

அவர் மீனைத்தான் சொன்னார். நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை மச்சாளும் மகளும் கோயிலுக்குப் போயிருந்தார்கள். தேத்தண்ணி வடியால் பெண் மீனை அள்ளிப் பேசினில் விட்டேன். தாய் பிள்ளைகளோடு இருக்கட்டும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அவர்கள் திரும்பியபோது நுரை கலைந்து கிடந்தது. முட்டை ஒன்றும் இல்லை. பெண் மீன் செட்டை கிழிந்து மிதந்தது.

"ஆர் இதை விட்டது?" மகள் வீரிட்டாள்.

என் கையில் இருந்த ஈர வடியை மச்சாள் பார்த்தார். "நான்தான் மனே. போத்தல் கழுவக்குள்ள மறதியில விட்டுட்டன்."

மகள் அவர் கையை உதறிவிட்டு ஓடிவந்து என் மடியில் முகம் புதைத்தாள். அலைக்குப் பின் முதல் தடவை. நான் வாய் திறக்கவில்லை. வெட்கத்தோடு எழுதுகிறேன், எனக்குச் சந்தோசமாக இருந்தது. அடுத்த வாரமே கிரானில் வாடகை வீடு பார்த்துப் போய்விட்டோம்.

யுத்தம் முடிந்த வருடம், காணாமல்போன பிள்ளைகளின் படத்தை ஏந்தியபடி தாய்மார் இடம் இடமாக அலைந்துகொண்டிருந்தார்கள். என் பிள்ளை என் பக்கத்திலேயே இருந்தாள், ஒரு பொய்யின் தயவில். அது என்னை உறங்க விடவில்லை. அவளை மச்சாளிடம் கூட்டிப்போனேன். வாசல் படலையிலேயே நின்றுவிட்டாள்.

"நான் வரல்ல. மீனைச் சாகடிச்சவ அவ."

"அதை விட்டது நான், மகள்."

என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு படலையைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

"மாமி, ஏன் பொய் சொன்னீங்க?"

"அடியே, என்ன வளத்தி வளந்திட்டாய்! முதல்ல இரு மனே, தேத்தண்ணி குடி."

அழுகை கேட்டது. கொஞ்சம் கழித்து இருவரும் சிரித்தார்கள். என்னை யாரும் கூப்பிடவில்லை. வெளியே நின்றபடி, என்னைப் பற்றித்தான் பேசுகிறார்களா, என்னை மறந்தே போனார்களா என்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்.