வேலிக்கு அந்தப் பக்கத்துக் கூச்சாய்ப் பாத்தி

ஜப்பான்காரன் காலத்தில் காஜா பெராங் என்ற ஊரில் எனக்குக் கீரைத் தோட்டம் இருந்தது. வீட்டுக்குப் பின்னால் சின்னத் துண்டு. வாரம் ஒரு கூடை கீரை அவர்கள் கிடங்குக்குப் போக வேண்டும். கூடை போகும்வரை சயாம் ரயில் வேலைக்குப் பிடிக்க மாட்டார்கள். போகாவிட்டால் லாரி வரும். சயாமுக்குப் போனவர் யாரும் அதுவரை திரும்பவில்லை.

நம் ஆட்கள் வழக்கப்படி கீரையை வேரோடு பிடுங்கித்தான் கட்டினேன். கூடை நிறைய வேண்டுமே என்று விதைக்குக்கூட ஒரு செடி விடவில்லை. கடையில் விதை கிடைக்காத காலம். பாத்தி மொட்டையாகிவிட்டது.

கூடைக் கணக்கு எழுதிப் பார்வையிட வரும் கிராணி தமிழர்தான். பார்த்துவிட்டுச் சொன்னார்: "என்னாய்யா, மண்ணையா கூடையில அனுப்பப் போறே? அடுத்த வாரம் கூடை வரலேன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு சீனர் தோட்டம். ஜப்பான்காரன் வந்த புதிதில் அந்தக் குடும்பத்தையே லாரியில் ஏற்றிப் போனார்கள். வீட்டுக் கதவு திறந்தபடி கிடந்தது. வாசலில் இடுப்பளவு புல். பின்னால் இருந்த கூச்சாய்ப் பாத்தி மட்டும் பச்சைப் பசேலென்று இருந்தது. பூண்டு வாசம் அடிக்கும் கீரை அது. களை ஒன்றுகூட இல்லை.

பட்டப்பகலில் வேலி தாண்டினேன். மழை பெய்து நாளாகியிருந்தது. ஆனாலும் மண் ஈரமாக இருந்தது. என் காலடியைத் தவிர வேறு காலடி இல்லை. ஒரு தூரை வேரோடு பிடுங்கி வந்தேன்.

மனைவி கையில் வாங்கவில்லை.

"செத்தவங்க வளக்குற கீரைங்க அது. வேணாங்க."

"கூடைக்குத்தான். நமக்கு இல்லே."

மறுநாள் போனேன். நான் பிடுங்கிய குழியில் புதுத் தூர் நட்டிருந்தது. பக்கத்து வரிசை கத்தியால் அறுத்திருந்தது, மண்ணுக்கு மேல் இரண்டு விரல் விட்டு. அறுத்த இடத்தில் அடுப்புச் சாம்பல். தொட்டேன். வெதுவெதுப்பாக இருந்தது.

பிறகு நானும் கத்தி கொண்டுபோனேன். ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை அறுத்தேன். சாம்பல் போட்டேன். சில தூர்களைப் பிரித்து என் மொட்டைப் பாத்தியிலும் நட்டேன். நான் விட்ட வரிசையை வேறு யாரோ அறுத்தார்கள். அறுத்ததெல்லாம் மறுபடி வளர்ந்தது. விதை வேண்டாம், கொத்த வேண்டாம். பாதி வேலையில் கூடை நிறைந்தது.

கிராணி ஒரு ஜப்பான் சிப்பாயோடு வந்தார். வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"அந்தப் பக்கம் யாரு தண்ணி ஊத்துறா?"

சிப்பாய் வேலியில் கால் வைத்துவிட்டான்.

"நான்தாங்க."

"ரெண்டு தோட்டத்தையும் ஒருத்தனாவா? நீ என்னா மனுசனா, பேயா?"

"சயாம் பயங்க. அது வேல வாங்குது."

கிராணி சிரித்தார். சிப்பாயிடம் ஏதோ சொன்னார். சிப்பாய் அந்தத் திறந்த கதவை ஒரு தடவை பார்த்துவிட்டுக் காலை இறக்கினான். என் பெயர் சயாமுக்குப் போகவில்லை.

"விடியுமுன்ன ஒரு தடவ எட்டிப் பாருங்களேன். யாருன்னு தெரியட்டும்" என்றாள் மனைவி.

"மனுசனா இருந்தா நான் பாத்தது அவனுக்கு ஆபத்து. இல்லேன்னா எனக்கு ஆபத்து. பேசாம படு."

அதற்கு முன்னெல்லாம் இருட்டோடு தண்ணீர் ஊற்றுவேன். அந்நேரம் ஊற்றினால் மண் முழுக்கக் குடிக்கும், கொஞ்சத் தண்ணீர் போதும். அந்த நேரத்தை அந்தப் பக்கத்துக்கு விட்டேன். வெயில் ஏறின பிறகு ஊற்ற ஆரம்பித்தேன். என் பாத்திக்கு இரண்டு டின் கூடுதலாகச் சுமந்தேன். தோள் காய்த்துப் போனது. விடியுமுன் வேலிக்கு அந்தப் பக்கம் தண்ணீர் விழும் சத்தம் கேட்கும். படுத்தபடி இருவரும் கேட்டுக்கொண்டிருப்போம். அது நின்று, நன்றாக வெளுத்த பிறகுதான் கதவைத் திறப்பேன்.